ஐந்து பதினாலுக்கு நின்ற நிரல்

அத்தியாயம் 6

ஈஸ்வரன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து பத்து. நாச்சிமுத்துவின் கையில் கட்டியிருந்ததில் ஒன்பது நாற்பது.

நாச்சிமுத்து கையை உதறினான். காதோரம் வைத்துக் கேட்டான். கல்யாணத்துக்கு மச்சான் போட்ட வாட்ச் அது. மச்சான் போட்ட மோதிரம் ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிட்டது, வாட்ச் மட்டும் யோக்கியமாகவா இருக்கப்போகிறது? மனசுக்குள் ஒரு வசவைப் போட்டுவிட்டு, முள்ளைத் திருகிப் பத்து பத்தில் நிறுத்தினான்.

கொழிஞ்சாம்பாறையில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன், எட்டு வருடமாகத் தர்மாம்பாளுக்கு ஓட்டுகிறான். தர்மாம்பாளுக்கு ஐம்பத்தொரு வயசு, ஊர் கல்பாத்தி. வங்கியின் விஜிலன்ஸ் பிரிவில் இருபது வருடம் திருடர்களை மேஜைக்கு எதிரே உட்காரவைத்துப் பார்த்தவர். வேலையை விட்டபிறகு அவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார். வண்டி ஓட்டுவதும் வாய் ஓட்டுவதும் நாச்சிமுத்துவின் வேலை. யோசிப்பது அவர் வேலை. இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் குறை இல்லை.

ஆனால் இந்த வீட்டில் வாய் ஓட்ட அவனுக்கே மனசு வரவில்லை.

சின்னக்கானலுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயம் அது, தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். மூன்றாவது வீடு ஈஸ்வரனுடையது. ஐந்தாவது வீடு அவர் தங்கை மாரித்தாயுடையது. நடுவில் ஒரே ஒரு வீடுதான். ஆனாலும் பத்தொன்பது நாளாக இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்கு யாரும் நடக்கவில்லை. மாரித்தாயின் ஒரே மகள் மோனிஷா, இருபத்தொரு வயசு, ஆவிப்பாறை உச்சியிலிருந்து ஓடைக்குள் விழுந்து செத்துப்போனாள். தள்ளிவிட்டது ஈஸ்வரனின் மகன் அஜய் என்று போலீஸ் அவனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறது. அவனுக்கு எதிராக முதலில் மொழி கொடுத்ததே மாரித்தாய்தான். இந்தப் பக்கத்தில் மொழி என்றால் வாக்குமூலம். தன் மகளை அஜய் கட்டிக்கொள்ளக் கேட்டான், அவள் மாட்டேன் என்றாள், முந்தின வாரம் இரண்டு பேருக்கும் சண்டை என்று மாரித்தாய் சொன்னது எழுத்தில் இருக்கிறது.

"எந்தங்கச்சிய நான் குத்தம் சொல்லலம்மா" என்றார் ஈஸ்வரன். "பெத்தவளுக்கு யாரையாச்சும் கைய நீட்டிச் சொல்லணும்ல. ஆனா அந்தப் புள்ளைய ஓடையிலருந்து தூக்கிக்கிட்டு வந்ததே எம்மவன்தான். தள்ளுனவன் எதுக்கும்மா தூக்கப்போறான்?"

தர்மாம்பாள், அஜய்யின் வக்கீல் கொடுத்த காகிதங்களில் ஒன்றை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார். அதில் மூன்றே வரி.

5:14:10
5:14:20
5:14:30

கீழே வெள்ளைத் தாள்.

கதை இதுதான். 'கொழுந்து' என்று ஒரு இணையதளம். கணினிக்கு நிரல் எழுதுவதைத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறது. பாடத்துக்கு நடுவிலேயே பெட்டி பெட்டியாக இருக்கும். பெட்டிக்குள் நாலு வரி நிரல், அடியில் 'ஓட்டிப் பார்' என்று ஒரு பொத்தான். தட்டினால் விடை அங்கேயே வந்து விழும். வரியை மாற்றித் தட்டினால் விடையும் மாறும். லயத்துப் பிள்ளைகள் அம்மாவின் ஃபோனை வாங்கி இதில்தான் படித்தார்கள். மோனிஷா அவர்களுக்கு டீச்சர் மாதிரி. புதுப் பாடம் எது வந்தாலும் அவள் ஆவிப்பாறைக்குத் தூக்கிக்கொண்டு போய்த்தான் ஓட்டிப் பார்ப்பாள். காரணம், அங்கே சிக்னல் கிடையாது. சிக்னல் இல்லாத வீட்டில் இருக்கிற பிள்ளைக்கும் பாடம் ஓட வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

சாகும்போது அவள் ஓட்டிக்கொண்டிருந்தது சுற்றுப் பாடம். நிறுத்து என்று சொல்லும்வரை பத்து விநாடிக்கு ஒருமுறை மணியை எழுதிக்கொண்டே இருக்கும். அவளோடு ஃபோனும் விழுந்து நொறுங்கியது. அந்தக் கணத்தில் சுற்று நின்றது; ஃபோனிலிருந்து போலீஸ் மீட்டெடுத்தது இந்த மூன்று வரிதான். ஐந்து மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் வேலை முடிந்து வெளியே வந்த அஜய் நேரே பாறைக்கு ஏறினான். பார்த்தவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். ஐந்து பதினாலுக்குப் பாறையில் அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

"முன்னெல்லாம் செத்தவங்க கைக்கடிகாரம் ஒடைஞ்சு மணி சொல்லுமுங்க" என்றான் நாச்சிமுத்து மெதுவாக. "இப்பப் பாடப் பொஸ்தகமே ஒடைஞ்சு மணி சொல்லுது."

"அதாக்கும் நேக்கு இடிக்கறது" என்றார் தர்மாம்பாள். "கைக்கடிகாரம் பொய் சொல்லலாம்னு எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் எழுதினதுன்னா ஒருத்தனும் திருப்பிக் கேக்கறதில்லே."

*

பதினொன்றுக்கு ஜங்ஷனில் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததால் நாச்சிமுத்து ஜீப்பை விரட்டினான். அவன் வாட்ச்சில் பத்து ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 'கொழுந்து' தளத்தின் படிப்பகம் பூட்டிக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்த சுதீப், "பதினொண்ணுக்குன்னாக்கும் சொன்னேள், மாமி? மணி பத்தரைதானே ஆறது?" என்று பதறிக்கொண்டு பூட்டைத் திறந்தான்.

தர்மாம்பாள் நாச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு வங்கி மேனேஜர்களே எழுந்து நின்றிருக்கிறார்கள். ஈஸ்வரன் வீட்டில் முள்ளைத் திருகியதை அவன் வெளியே சொல்லவில்லை. இழவு விழுந்த வீட்டில் கடிகாரத்தை யார் கவனிப்பார்கள், அதை நம்பியது தன் புத்தி என்று வாயை மூடிக்கொண்டான்.

சுதீப்புக்கு முப்பத்திரண்டு வயசு. தர்மாம்பாளின் தெருவில், நாலாவது வீட்டுப் பையன். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, எஸ்டேட் பிள்ளைகளுக்காக 'கொழுந்து' தளத்தை நடத்துகிறவன். அவனைப் பற்றி வந்த பத்திரிகைக் கட்டுரை சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. தனி ஒருவராக நாற்பது பாடங்கள் என்று அதில் கொட்டை எழுத்து. அடுத்த மாதம் கொச்சியில் விருது. அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் மோனிஷாவின் படம், மாலையோடு. மூன்று மணிக்கு அவளுக்கு அஞ்சலிக் கூட்டம். மாரித்தாய்தான் விளக்கேற்றுகிறாள்.

அவன் கண் கலங்கித்தான் பேசினான். நாச்சிமுத்துவுக்கே பாவமாக இருந்தது.

லேப்டாப்பில் சுற்றுப் பாடத்தைத் திறந்து காட்டச் சொன்னார் தர்மாம்பாள். பெட்டி வந்தது. ஓட்டிப் பார் என்பதைத் தட்டினான். 10:34:10 என்று விழுந்தது, பிறகு 10:34:20.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்து, இது எந்த ஊரில் ஓடி இங்கே வருகிறது என்று கேட்டான். சுதீப்புக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. எங்கேயும் ஓடவில்லை, இந்தப் பெட்டிக்குள்ளேயே ஓடுகிறது என்றான். பக்கம் ஒருமுறை இறங்கிவிட்டால் போதும். அப்புறம் படிக்கிறவர் கையில் இருக்கிற கருவிதான் எல்லா வேலையும் செய்யும், இணையம் வேண்டாம், வேறு கணினியும் வேண்டாம்.

"அப்பச் சமையல் குறிப்பு உங்களுது, அடுப்பு எங்களுதுங்களா?"

"பிரமாதம்" என்றான் சுதீப். "இதை நான் கிளாஸ்லே சொல்லிக்கறேன்."

"அந்த மணியை எங்கேர்ந்து எடுக்கறது?" என்று தர்மாம்பாள் கேட்டார்.

"அந்த ஃபோனைத்தான் கேக்கும், மாமி. ஃபோன் என்ன சொல்றதோ அதை எழுதும்."

தர்மாம்பாள் தலையாட்டிக்கொண்டே பக்கத்தைக் கீழே தள்ளினார். சுற்றுப் பாடத்தின் கடைசியில் பயிற்சி பன்னிரண்டு. பெட்டிக்குள் ஒரே ஒரு வரி.

சங்கு = சுவர் - 30

"இது என்னவாக்கும், சுதீப்? ஏன் முப்பது?"

"சும்மா, கழித்தலுக்கு ஒரு பயிற்சி."

"சுவர்லேர்ந்து முப்பதைக் கழிச்சா சங்கா?"

அவன் சிரித்தான். நிரலில் ஒரு எண்ணுக்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம், பெயரில் ஒன்றுமில்லை என்றான். "நாப்பது பாடம் எழுதியிருக்கேன், மாமி. ஒவ்வொரு வரிக்கும் காரணம் ஓர்மை இருக்குமா?"

அதன்பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னான். போலீசிடம் சொன்னதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. நாலு மணிக்கு விருது விழா பற்றிப் பேசப் பாறைக்குப் போனான். அவளையும் கொச்சிக்கு அழைத்தான்.

"நாலு அம்பது வரைக்கும் பேசிண்டிருந்தோம். நான் இறங்கச்சே சிரிச்சுண்டே கை காமிச்சா" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. ஐந்து பத்துக்கு ஜங்ஷன் பேக்கரியில் அவன் டீ குடித்தது அங்கேயுள்ள கேமராவில் பதிந்திருக்கிறது. அந்தக் கேமராவின் மணியைப் போலீஸே சரிபார்த்துவிட்டது.

தர்மாம்பாள் பாறைக்கு ஏறி, இறங்கி, நடந்து, வண்டியில் வந்து, எல்லாவற்றுக்கும் மணி பார்த்தார். பாறையிலிருந்து பேக்கரிக்குப் பதினெட்டு நிமிடம். தொழிற்சாலை வாசலிலிருந்து பாறைக்கு ஏழு நிமிடம். சுதீப் சொன்னது அச்சுப் பிசகவில்லை. அஜய்யைச் சுற்றியிருந்த கயிறு இன்னும் ஒரு முடிச்சு இறுகியது. ஏழு கழுதை வயசானாலும் நம்ம தெருப் பையன் பொய் சொல்லமாட்டான் என்று அந்த அம்மாள் நினைக்கிறாரோ என்று நாச்சிமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை.

*

மாரித்தாய் கதவைத் திறந்தவள் தர்மாம்பாளை மட்டும் பார்த்தாள். அண்ணன் வைத்த ஆள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் உள்ளே வரச் சொன்னாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கொழுந்து பறித்துக் கருத்துப்போன விரல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் அடுப்பு எரிந்து நாளானது வாசனையிலேயே தெரிந்தது.

தர்மாம்பாள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அஜய்யை வளர்த்ததே அவள்தான், அவன் அம்மா பிரசவத்தில் போய்விட்டாள். தன் கையால் சோறு ஊட்டியவனைத் தானே காட்டிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டதே என்று அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். மகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. ராத்திரி சோறு பொங்கும்போது அடுப்படியில் உட்கார்ந்து, 'அம்மா, இத ஒரு பெட்டியில போடட்டா?' என்று எதையாவது எழுதுவாளாம். செத்த அன்றைக்குக் காலையில் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் பார்த்தாள். சுதீப் சாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சொன்னாள். அது என்ன வார்த்தை என்று இவள் கேட்கவில்லை. பெரட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் களம்.

நாச்சிமுத்து வயிற்றைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தான். மணி ஒன்றரை. தன் கையைப் பார்த்தான். ஒன்றரை.

"பாத்தீங்களா, மேடம்" என்றான், இழந்த மானத்தை மீட்ட சந்தோஷத்தில். "என்ற வாட்ச்சக் கொற சொன்னீங்க. இந்த ஊட்டுக் கடிகாரமும் இதுவும் ஒரே மணி காட்டுது. ஈஸ்வரண்ணன் ஊட்டுக் கடிகாரத்துலயும் இதே மணிதானுங்க, அதப் பாத்துத்தான் காலைல திருப்பி வெச்சேன்."

தர்மாம்பாள் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். மணி ஒன்றுதான் ஆகியிருந்தது.

அந்த அம்மாள் ஃபோனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாச்சிமுத்துவுக்கு, தான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிவிட்டதாகத் தோன்றியது.

"ஒரு கடிகாரம் தப்பா ஓடினா, அது கெட்டுப்போச்சு" என்றார் அவர், சன்னமாக. "ரெண்டு ஆத்திலே ரெண்டு கடிகாரமும் ஒரே மாதிரி தப்பா ஓடினா, யாரோ வெச்சிருக்கான்னு அர்த்தம். மாரித்தாய், இந்தக் கடிகாரம் ஏன் அரை மணி முன்னாடி ஓடறது?"

மாரித்தாய்க்குக் கேள்வியே புரியவில்லை. இதைப் போய் யாராவது கேட்பார்களா என்பது போலப் பார்த்தாள்.

"லயத்துல எல்லா வீட்லயும் அப்படித்தாம்மா வச்சிருப்போம். பெரட்டுக்கு ரெண்டு நிமிசம் பிந்துனாலும் திருப்பி அனுப்பிருவாக. சங்கு கம்பெனிக்கு. கடிகாரம் எங்க பயத்துக்கு. அரை மணியக் கழிச்சுக்கிட்டா சங்கு மணி."

சங்கு = சுவர் - 30. நாச்சிமுத்து மறுபடி சுவரைப் பார்த்தான். காரணமில்லாத கழித்தல் என்று சொன்னானே அந்த மனுஷன். இந்த அடுப்படியில் உட்கார்ந்து, சோறு கொதிக்கிற நேரத்தில், இந்தச் சுவரைப் பார்த்து ஒரு பெண் எழுதிய வரி அது.

"ஃபோன்?" என்றார் தர்மாம்பாள். "மோனிஷா எடுத்துண்டு போனது உன்னோட ஃபோன்தானே? அதிலேயும் அரை மணி கூட்டி வெச்சிருந்தியா?"

"ஆமா. அலாரம் அதுலதானே அடிக்கும். தானா மணி மாத்துறத நிறுத்திட்டு, நான்தான் வச்சிருந்தேன்."

"போலீஸ்லே யாரும் கேக்கலையா?"

"அஞ்சு பதினாலுன்னு அவுகதான் எழுதிக் காமிச்சாக. போலீசு மணி சரியாத்தானே இருக்கும்னு..."

அவள் கழித்துப் பார்த்தாள். இருபது வருடமாக நாள் தவறாமல் மனசுக்குள் செய்த கணக்கு, அது செய்ய எத்தனை நேரமாகும்? நாலு நாற்பத்துநாலு. அஜய் அப்போது தொழிற்சாலைக்குள் நாற்பது பேரோடு நின்றுகொண்டிருந்தான். சங்கு ஊதவே இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது. பாறையில் இருந்தது, தானே சொன்னபடி நாலு ஐம்பது வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டிருந்த சுதீப்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்ல நாச்சிமுத்துவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மாரித்தாயின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான். அந்த முகத்தில் மருமகன் பிழைத்தான் என்ற நிம்மதி இல்லை. வேறு எதுவோ வந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்தச் சத்தம்" என்றாள்.

தர்மாம்பாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"பாறைக்குக் கீழதாம்மா கொழுந்து நிறுக்குற எடம். சாக்கத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னேன். சங்கு ஊதுறதுக்கு முந்தி மேல ஒரு சத்தம் கேட்டுச்சு. அம்மான்னு கேட்டாப்புல இருந்துச்சு. வரிசைய விட்டா நிறுவை போயிரும்னு நின்னுட்டேன். பொறவு போலீசு அஞ்சு பதினாலுன்னு சொல்லவும், சங்குக்கு முந்திக் கேட்டது எம்புள்ள இல்லைன்னு மனசத் தேத்திக்கிட்டேன். இந்த பத்தொம்பது நாளும் நான் உசிரோட இருந்தது அதை வச்சுத்தாம்மா."

தர்மாம்பாள் எத்தனையோ வீட்டில் உண்மையைக் கொண்டுபோய் இறக்கி வைத்திருக்கிறார். இந்த வீட்டில் அதை இறக்கும்போது அவர் மாரித்தாயின் கருத்த விரல்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு உயிரை வெளியே எடுக்க இன்னொரு உயிரின் ஒரே பிடிமானத்தைப் பிடுங்க வேண்டியிருந்தது. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

மாரித்தாயே எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கூட்டத்துக்குத் தான் வருவதாகச் சொன்னாள். அந்த சாரிடம் கேட்க வேண்டியதை மகள் கேட்காமல் விட்டிருந்தால் தான் கேட்க வேண்டும் என்றாள்.

*

சப் இன்ஸ்பெக்டர் ஜிபி நியாயமான ஆள். ஜங்ஷனில் தர்மாம்பாள் சொன்னதை முழுக்கக் கேட்டார், பிறகு உடைந்த ஃபோனை ஆராய்ந்த பிரிவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பத்தொன்பது நாளாக யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது. பதில் வர இருபது நிமிடம் ஆனது. தானாக மணி திருத்துவது நிறுத்தப்பட்டிருக்கிறது, கடிகாரம் அரை மணி முன்னால். ஜிபி தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தானே எழுதிய அறிக்கையை நினைத்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்குப் படிப்பகத்தில் ஐம்பது பேர். முன்வரிசையில் பிள்ளைகள், அம்மாவின் ஃபோனில் மோனிஷாவிடம் படித்தவர்கள். சுதீப் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் பற்றி நல்லபடியாகவே பேசினான். தன் பாடங்களை லயத்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் என்றான். பின்வரிசையில் ஜிபியும் நாச்சிமுத்துவும் நின்றிருந்தார்கள். சுதீப் அவர்களைப் பார்த்தான், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

மாரித்தாய் விளக்கேற்றினாள். தீக்குச்சியை அணைத்துவிட்டு, இறங்காமல் அங்கேயே நின்றாள்.

"சார், நான் படிக்காதவ" என்றாள். மைக் அவள் பக்கம் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "இந்தப் பாடமெல்லாம் நீங்க எழுதுனதா?"

"ஆமாம்மா" என்றான், கொஞ்சம் சங்கடத்தோடு. "ஆனா மோனிஷாவோட உதவி..."

"அந்தச் சங்கு, சுவரு, முப்பது. அதுவும் நீங்கதானா?"

அவன் கண் தர்மாம்பாளைத் தேடியது. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பின்னால் சட்டத்துக்குள் கட்டுரை தொங்கியது. "நான்தான்" என்றான்.

"அப்ப எங்க லயத்துல மணி எல்லாம் அரை மணி முந்தி ஓடும்னு உங்களுக்குத் தெரியும். எம்புள்ள ஃபோனும் அப்படித்தான்னு தெரியும். போலீசு அஞ்சு பதினாலுன்னு சொன்னப்ப ஏன் சார் சும்மா இருந்தீக?"

சுதீப்புக்கு முதலில் விளங்கவில்லை. அவன் உண்மையிலேயே அப்போதுதான் அந்த வரியின் அர்த்தத்தைத் தெரிந்துகொண்டான். அது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தெரியும் என்றால் பொய்ச்சாட்சி. தெரியாது என்றால் நாற்பது பாடமும் அவனுடையது இல்லை. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், "அது மோனிஷாக்கா எழுதுனது, எங்களுக்குத் தெரியும்" என்று சொன்னாள். யாரும் அவளை அடக்கவில்லை.

"அரை மணியக் கழிங்க, சார்" என்றாள் மாரித்தாய். "நாலு நாப்பத்தி நாலு. நீங்க நாலு அம்பது வரைக்கும் அவகூடப் பேசிக்கிட்டு இருந்தீகளாமே. செத்தவ எப்படிச் சார் உங்களப் பாத்துச் சிரிச்சா?"

சுதீப் மைக்கை மேஜைமேல் வைத்தான். மெதுவாக, உடையக்கூடிய பொருளை வைப்பது போல வைத்தான். நாற்காலியைத் தடவி உட்கார்ந்தான். ஜிபி நடந்து வரும் வரைக்கும் அவன் மாரித்தாயைப் பார்க்கவே இல்லை, தர்மாம்பாளைத்தான் பார்த்தான்.

"அவ பேரையும் போடறேன்னு சொன்னேன், மாமி" என்றான். "இந்த விருது கழியட்டும், அடுத்த வருஷம் போடறேன்னு. அவ ஃபோனைத் தூக்கிக் காமிச்சு, இதிலே எல்லாமே இருக்கு, எந்தப் பாடம் எந்த நாள் எழுதினேன்னு இருக்குன்னா. நான் ஃபோனைத்தான் பிடுங்கப் போனேன்."

"அவ விழுந்தப்பறம் எட்டிப் பார்த்தியா?"

அவன் மேஜைமேல் இருந்த மைக்கை நேராக்கி வைத்தான். பேக்கரியில் டீ குடித்திருக்கிறான், கேமராவில் இருக்கிறது. தர்மாம்பாள் தன் தெருப் பையனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜிபி அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அஜய்யை வெளியே விட இரண்டு மூன்று நாளாகும், கோர்ட்டில் காகிதம் நகர வேண்டும் என்று ஜிபி சொல்லிவிட்டுப் போனார். தன் மொழியைத் தானே வந்து மாற்றி எழுதிக்கொடுப்பதாக மாரித்தாய் அவரிடம் சொன்னாள்.

ஜீப்பில் அவளை லயத்தில் இறக்கினார்கள். எட்டு வருடத்தில் முதல்முறையாக, நாச்சிமுத்து வழி நெடுக ஒரு வார்த்தையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் ஐந்தாவது வீட்டுக்குப் போவாள் என்று இருந்தான். போகவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் போய் நின்றாள். செய்தி அதற்குள் லயத்துக்கு வந்திருந்தது. ஈஸ்வரன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே" என்றாள். "அது எம்புள்ள சத்தந்தாண்ணே. எனக்குக் கேட்டுச்சு. நான் போகல."

மகன் வரப்போகிறான் என்ற சந்தோஷத்தில் இருந்த மனிதரின் முகம் அப்படியே நின்றது. அவர் படியில் கொஞ்சம் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டார்.